மூன்று வகுப்பு படித்தவளின் ஆலோசனை

முப்பத்தொன்பது வயதில் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். கிள்ளானில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. சனிக்கிழமைகளில் கோலாலம்பூரில் வகுப்பு. இரண்டாம் ஆண்டில் முதலீட்டு நிர்வாகம் என்ற பாடம் வந்தது.

மூன்று வகுப்புகள் முடிந்திருந்த சமயத்தில் என் கணவர் வேலை பார்த்த லோரிக் கம்பெனி பண்டமாரான் கிளையை மூடியது. பதினெட்டு வருடம் கண்டெய்னர் லோரி ஓட்டியவருக்கு இழப்பீடு கொடுத்தார்கள். அதே வாரம், உடன் லோரி ஓட்டிய நண்பர் ஒரு வழவழப்பான தாளைக் கொண்டு வந்து கொடுத்தார். பணம் போட்டால் மாதாமாதம் நூற்றுக்கு எட்டு கிடைக்கும், நஷ்டமே வராது என்று அதில் அச்சடித்திருந்தது.

சாப்பிடும்போது கணவர் அதை என் பக்கம் தள்ளினார்.

"நீதான் இதெல்லாம் படிக்கிறியே. போடலாமா?"

பங்குக்கும் கடன் பத்திரத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதே எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கும் போல," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை விரிவுரையாளர் பலகையில் சாய்வாக ஒரு கோடு போட்டார். கோட்டின் அடியில் வங்கி வைப்பு, மேலே பங்குகள். லாபம் கூடக்கூட இழக்கும் வாய்ப்பும் கூடும் என்று விளக்கினார். பிறகு கோட்டை விட்டு வெகு தூரத்தில், உயரே ஒரு புள்ளி வைத்தார். அதிக லாபம், ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள் என்றார். அவர்களிடம் பதில் இல்லையென்றால், பெரும்பாலும் அடுத்து வந்து சேருகிறவர் போடும் பணம்தான் அது.

என் பேனா நின்றுவிட்டது. அந்த நேரத்தில் கணவர் பிரிக்பீல்ட்ஸில், அந்தத் திட்டத்துக்காரர்கள் நடத்திய கூட்டத்தில் இருந்தார். "இன்னைக்கே முடிச்சிட்டு வந்துடுறேன்" என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

வெளியே வந்து மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. புத்தகங்களை மேசையிலேயே விட்டுவிட்டு ரயிலேறினேன். இரண்டே நிறுத்தம்தான். அதற்குள் அவருடைய பதினெட்டு வருட உழைப்பை ஒரு வார்த்தையில் தொலைத்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். ஏமாற்றியவர்கள் மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. அந்த "போல" என்ற சொல்தான் நெஞ்சை அறுத்தது.

கூட்டம் நடந்த கட்டடத்துக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. அவர் வாசல் மேசையில் நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"கிளாஸ் இல்லையா?" என்றார்.

"பணம் கட்டிட்டீங்களா?"

"இல்லலா. போனை சைலண்ட்ல போடச் சொன்னாங்க, அப்படியே மறந்துட்டேன். இப்பவே கையெழுத்துப் போட்டாத்தான் போனஸ்னு ஒருத்தன் பின்னாலயே நின்னான். எனக்கு அது பிடிக்கல. வீட்டுக்காரி படிக்கிறா, அவ ஒருதடவை ஃபாரத்தைப் பாக்கட்டும்னேன். பொம்பளைகிட்ட எதுக்குக் கேக்கணும்னு சிரிச்சான். எந்திரிச்சு வந்துட்டேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அடக்க முயலவில்லை. அவர் பதறிப்போய் இன்னொரு தே சொன்னார்.

அன்று எனக்கு ஒன்றும் தெரியாமல்தான் தலையாட்டினேன் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்," என்றார். "நீ தாளைப் படிக்கவே இல்ல. தட்டுல இருந்த கருவாட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்த."

நண்பருக்கு அங்கேயிருந்தே போன் செய்தோம். அவர் ஏற்கெனவே கொஞ்சம் போட்டிருந்தார். முதலில் எங்கள் மேல் கோபப்பட்டார். பிறகு ஒரு வாரம் அலைந்து, முக்கால்வாசியைத் திரும்ப வாங்கிவிட்டார். நான் அந்தப் பாடத்தில் 'பி' வாங்கினேன். கணவரின் பணத்தில் பெரும்பகுதி வங்கி வைப்பில் இருக்கிறது. வட்டி குறைவு என்று அவ்வப்போது அலுத்துக்கொள்வார். எனக்கு அந்தக் குறைந்த வட்டியைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கிறது.