இறக்கம் பார்த்து நின்ற கார்

வேகத்துக்குப் பேர்போன விலைக்கு வந்த அந்தப் பழைய காரைக் குன்னூரில் எனக்கு ஓட்டிக் காட்ட வந்தவர், இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய டிரைவர். நரைத்த கட்டை மீசை, வீட்டுக்குள்ளும் கழற்றாத காக்கித் தொப்பி. எங்கே நிறுத்தினாலும் வண்டியின் முகத்தை இறக்கம் பார்த்துத் திருப்பிய பிறகுதான் இறங்குவார்.

வாரநாளில் எஸ்டேட் ஆபீசுக்குப் போகவும் ஞாயிறன்று மைசூர் சாலையில் பறக்கவும் எனக்கு ஒரே வண்டி வேண்டும். எவ்வளவு வேகம் போகும் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அவரோ, "குளிர்ல ஒரே தடவையில கிளம்புதான்னு பாருங்க ஐயா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "கிளம்பலீன்னா தள்ளி உட்டாப் போவுதுங்க" என்றேன்.

அவர் பின்சீட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அங்க, கலவரத்தன்னைக்கு, தோட்டத்துத் தொரையோட காரு மேட்டப் பாத்து நின்னிச்சு ஐயா. இதவிட வேகமான காரு. கிளம்பல்ல. தள்ள நான் ஒருத்தன்தான். பின்னுக்கு எம் பொஞ்சாதியும் மகளும் இருந்தாங்க."

அதோடு சாவியை என் கையில் வைத்துவிட்டு மேட்டில் ஏறி நடந்து போனார்.

காரை வாங்கினேன். ஒரு நாளும் அது கிளம்பாமல் நின்றதில்லை. ஆனாலும் பின்சீட்டில் ஆள் இருக்கும்போது எஞ்சினை அணைக்க எனக்கு இன்றுவரை கை வருவதில்லை.