அமுங்காத சிவப்புப் பொத்தான்

சந்தன வாசனை வந்தாலே நான் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். கல்யாண வீட்டு வாசலில் கிண்ணத்தை நீட்டுகிறவர்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு அது மங்கலம். எனக்கு அது ஒரு சிவப்புப் பொத்தான். என் இரண்டு கையாலும் அமுக்கியும் அமுங்காத பொத்தான்.

பம்மலைத் தாண்டி, பொழிச்சலூர் போகும் வழியில், தகரக் கொட்டகையில் இருந்தது அந்தக் கம்பெனி. காருக்குள் காலடியில் போடுகிற ரப்பர் விரிப்புகள் செய்வார்கள். இரண்டாயிரம் பிறந்த பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. என் அண்ணன் அங்கே ரோலர் மிஷினில் நின்றான், நான் பேக்கிங்கில். ரோலர் என்றால், பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும் இரண்டு பெரிய இரும்பு உருளைகள். ஒன்றை நோக்கி ஒன்று உள்பக்கமாகச் சுழலும். நடுவில் ரப்பர் கட்டியைப் போட்டால் இழுத்து, நசுக்கி, தகடாக்கிக் கீழே விடும். ரப்பர்தான் என்று இல்லை, எது அகப்பட்டாலும் இழுக்கும்.

அது அண்ணனுக்குத் தெரியாதா? நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தான். "இன்னாடி, துப்பட்டாவ பறக்க வுட்டுகினு வர்ற? இங்க இன்னா ஷூட்டிங்கா நடக்குது? இழுத்து முடி" என்றான். தரையில் எண்ணெய் சொட்டினால் யாரும் சொல்லாமலே மரத்தூள் அள்ளிவந்து கொட்டுவான். கல்யாண மோதிரத்தைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டுவிட்டுத்தான் மிஷினைத் தொடுவான். அதற்காக அண்ணி போட்ட சண்டை எங்கள் தெருவுக்கே தெரியும்.

மிஷின் ஓரத்தில் இடுப்பு உயரத்தில் அந்தச் சிவப்புப் பொத்தான் இருந்தது. ஆபத்து என்றால் அமுக்க வேண்டியது. ஆனால் அதை யாரும் தொடமாட்டார்கள். ஓட்டத்தின் நடுவே மிஷின் நின்றால் ரப்பர் உருளையிலேயே ஒட்டி இறுகிவிடும், சுரண்டி எடுப்பதற்குள் பாதி ஷிப்ட் போய்விடும். ஒருமுறை, ரப்பர் அறுக்கும் கத்தி உள்ளே விழப்போகிறது என்று பயந்து ஒருவர் அமுக்கிவிட்டார். சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார். "எவன்டா நிறுத்துனது? உங்கப்பனா வந்து சுரண்டுவான்? இனிமே இதுல கை வெக்கிறவன் அப்டியே வூட்டுக்குப் போய்டணும்" என்று கத்தினார். அதற்குப் பிறகு எந்தக் கையும் அதன் பக்கம் போகவில்லை.

ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் போகும். கொட்டகையைக் கழுவி, மிஷினைத் துடைத்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைப்போம். ரோலருக்குப் பொட்டு வைக்க வட்டமாக வாகான இடம் அந்தப் பொத்தான்தான். "மிஷினுக்கும் நெத்தின்னு ஒண்ணு வேணாமா?" என்பான் அண்ணன். வலது ஆள்காட்டி விரலால் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்து, தள்ளி நின்று அழகு பார்ப்பான். போன வருடத்துப் பொட்டைச் சுரண்டக் கூடாது, அபசகுனம் என்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு ஏறிக்கொண்டே வந்தது. அன்றைக்குப் பொரி, கடலை எல்லாம் தின்று, பூசணிக்காய் உடைத்து, சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனோம்.

தீபாவளி நெருக்கத்தில் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. நான் தகடு வாங்கிப்போக அண்ணனிடம் வந்திருந்தேன். ரப்பர் மடிந்து உருளைமேல் ஏறி நின்றது. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். சூட்டில் இளகிய ரப்பர் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டது. "பட்டன அமுக்குடி!" என்று அலறினான். அமுக்கினேன். கல்லை அமுக்குவது போல் இருந்தது. இரண்டு கையாலும் அமுக்கினேன், முட்டியால் குத்தினேன். சந்தனம்தான் உதிர்ந்தது. மெயின் சுவிட்ச் வாசல் பக்கம் இருந்தது. ஓடிப்போய் இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவன் வலது கை மணிக்கட்டு வரை போயிருந்தது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் அந்தப் பொத்தானை நெம்பிக் கழற்றினார். இடுக்கு முழுக்கச் சந்தனமும் ரப்பர் தூசியும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. "ஏம்பா, இத ஒருநாள்கூட அமுக்கிப் பாத்தது இல்லியா?" என்று கேட்டார். எல்லோரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்து என்னிடம் சொன்னார்: "கவனமா இருந்திருக்கணும்மா. ஏதோ, சாமி புண்ணியத்துல உயிராச்சும் மிஞ்சுச்சு." பாவி! அந்த ஆப்பிளை அவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருக்க வேண்டும். அடுத்த வருடம் வாசலில் 'பாதுகாப்பே முதன்மை' என்று பலகை மாட்டினார்களாம். அதற்கும் பொட்டு வைத்தார்களாம்.

கை போனதைக்கூட நான் ஆற்றிக்கொண்டேன். ஆனால் அண்ணன் இன்றுவரை, அஸ்தினாபுரம் வீட்டில் இடது கையால் சோற்றைப் பிசைந்தபடி, "நான்தானம்மா பொட்டு வெச்சேன், வேற யாரக் கொற சொல்றது?" என்கிறான். என் வயிறு எரிவது அங்கேதான். பொட்டு வைத்தது அவன்தான், சரி. மாதம் ஒருமுறை யாராவது அமுக்கிப் பார்த்திருந்தால் அந்தப் பொட்டு உதிர்ந்துபோயிருக்காதா? அமுக்கவே கூடாது என்று ஆணை போட்டது யார்? அந்த ஆள் ரிட்டயர் ஆகி, பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார்.

இப்போது நான் நாவலூரில் ஓர் ஐடி கட்டடத்தில் துப்புரவு வேலையைக் கவனித்துக்கொள்கிறேன். தரை தேய்க்கும் மிஷின் ஒன்று இருக்கிறது, அதிலும் ஒரு சிவப்புப் பொத்தான். போன ஆயுத பூஜைக்கு அதன்மேல் வட்டமாகச் சந்தனம் வைத்திருந்தார்கள். முந்தானையால் அழுந்தத் துடைத்தேன். "அக்கா, சாமிக்கு வெச்சதுக்கா! அத்தப் போயி அழிக்கிறியே!" என்று பதறினாள் மிஷின் ஓட்டுகிற பெண். "சாமி கோச்சுக்காது. நீ ஸ்விட்ச் போடு" என்றேன். பிரஷ் சுழல ஆரம்பித்ததும் ஒரு விரலால் பொத்தானை அமுக்கினேன்.

நின்றுவிட்டது. ஒரே அமுக்கு, அவ்வளவுதான் வேலை. இதற்குப் போய் அக்கா ஏன் அழுகிறாள் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.