வகுப்பு வேறு, பங்கு வேறு

சென்னையில் கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தும் அந்தக் கல்லூரி இப்போது பல்கலைக்கழகமாகிவிட்டது. நான் படித்த காலத்தில் வெறும் கல்லூரிதான். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியிலிருந்து, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான இடத்தில் போய்ச் சேர்ந்தவள் நான். அங்கே படித்ததால் வந்த நன்மைகளை மறைக்க மாட்டேன். இங்கிலீஷ் வந்தது. விடுதிச் சாப்பாட்டு அறையில் யார் பக்கத்திலும் தட்டை வைத்து உட்காரலாம் என்பது பழகிப்போனது. இன்று விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்றால் அந்தப் படிப்புதான் காரணம்.

ஆனால் நான் பெரிதாக நினைத்தது வேறொன்று. அங்கே ஞாயிறு பூசையில் என்னை மைக் முன்னால் நின்று பைபிள் வாசகம் படிக்கச் சொன்னார்கள். எங்கள் ஊர் மாதா கோயிலில் காலனிக்காரர்கள் மைக் பக்கம் போனதே இல்லை. நடுவில் ஊர்த்தெருக்காரர்கள் உட்காருவார்கள், நாங்கள் இடப்பக்கம் ஒதுங்கி உட்காருவோம். மாதா மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதா.

என்னைப் படிக்கச் சொன்னவர் அறவியல் வகுப்பு எடுத்த ஃபாதர். மேசையைத் தட்டித் தட்டிப் பேசுவார். "அநியாயத்தை எதிர்க்க நேரம் காலம் பார்க்காதீங்க. பார்த்த இடத்துலயே நில்லுங்க" என்பார். நான் அப்படியே நம்பினேன்.

பல வருஷம் கழித்து அவரையே எங்கள் ஊர்ப் பங்குக்கு, அதாவது எங்கள் கோயிலுக்கும் அதைச் சேர்ந்த சனங்களுக்கும், பங்குச் சாமியாராக மாற்றினார்கள். சந்தோஷம் தாங்காமல் அம்மாவுக்குப் போன் செய்தேன். கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கும் வேலையில் இருந்தாள்.

"இனிமே பாரும்மா, எங்க ஃபாதர் எல்லாத்தையும் மாத்திடுவாரு."

"நானும் எத்தினியோ சாமியார பாத்துட்டேன். நீ வேளைக்கி சாப்புடு" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள்.

காலனிச் சாவு கோயில் வாசல் வழியாகப் போகக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். ஊர்த்தெருவைத் தொடாமல் ஏரிக்கரையைச் சுற்றிப்போய், கல்லறைக்குள் பின்பக்கமாக நுழைய வேண்டும். அன்று ஏரிக்கரை முழுக்கச் சேறு. நான் நேராகச் சாமியார் வீட்டுக்குப் போனேன்.

"ஃபாதர், அம்மாவைக் கோயில் வாசல் வழியா எடுத்துப் போகணும். நீங்க முன்னால நடந்தா யாரும் தடுக்க மாட்டாங்க."

உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "ரெண்டு பக்கமும் இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கேன். ஒரு சாவை வெச்சு அது கெட்டுடக் கூடாதும்மா. நீ படிச்ச பொண்ணு. நீயே புரிஞ்சுக்கலைன்னா எப்படி?" என்றார்.

"நேரம் காலம் பார்க்காதீங்கன்னு வகுப்புல சொன்னது நீங்கதானே, ஃபாதர்?"

"வகுப்பு வேற, பங்கு வேற."

படிக்காதவளாக இருந்திருந்தால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். எனக்கு அதுவும் மறந்துபோயிருந்தது. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அம்மாவின் பெட்டியை ஊர்த்தெருவில் இறக்கிவைத்து உட்கார்ந்துவிடலாம் என்று தாய்மாமாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நாளைக்கி விழுப்புரம் பஸ் ஏறிப் பூடுவ கண்ணு. நாங்க அவங்க கொல்லைக்குத்தான கூலிக்குப் போய்க்கினு கீறோம். ஒங்கம்மாவ நல்லபடியா அனுப்பி வைம்மா."

ஏரிக்கரை வழியாகவே போனோம். தூக்கியவர்கள் முழங்கால் வரை சேற்றில் இறங்கினார்கள். ஓரிடத்தில் ஒருவர் வழுக்கி, பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. உள்ளே அம்மா புரண்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஃபாதரும் கூடவே வந்தார். வெள்ளை அங்கி இடுப்பு வரை சேறாகியும் முகம் சுளிக்கவில்லை. குழியருகே நின்று நிதானமாக, அழகாகச் செபித்தார். அவர் வராமல் இருந்திருந்தால் வெறுப்பதற்கு எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது அந்தப் பாதைக்குச் சிமென்ட் போட்டுவிட்டார்கள். ஃபாதர்தான் அலைந்து திரிந்து வாங்கித் தந்தாராம். காலனிக்காரர்கள் இனிச் சேற்றில் நடக்க வேண்டாம் என்று பூசையில் அறிவித்தபோது எங்கள் ஆட்களே கை தட்டினார்களாம்.

போன வருஷம் தம்பி மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நான் படித்த இடத்திலேயே சேர வேண்டும் என்று நின்றாள். கத்தோலிக்கர் இடத்துக்குப் பங்குச் சாமியாரின் சிபாரிசு வேண்டும். நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் மகிழ்ந்துபோய் உடனே எழுதிக் கொடுத்தார். "உங்க அத்தை மாதிரி வரணும்" என்று அவள் நெற்றியில் சிலுவை போட்டார். நான் நன்றி சொன்னேன்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஏன் அத்த, அவரு மூஞ்சியே பாக்காம பேசற?"

"பஸ்ஸுக்கு நேரமாவுது, ஜல்தியா நட" என்றேன்.

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. போன வாரம் போனில், வாசகம் படிக்கத் தன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். நல்லா சத்தமா படி என்றேன்.