இஞ்ஞாசி மேஸ்திரி மூன்றாவது முறை ஊற்றிய பேரிங்

இஞ்ஞாசி மேஸ்திரி முட்டத்துக்காரர். யுத்த காலத்தில் ராணுவ மோட்டார் பட்டறையில் நான்கு வருடமும் ஏழு மாதமும் வேலை பார்த்துவிட்டு, 1947 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை வடசேரியில் சுயம்புலிங்கத்தின் பட்டறையில் சேர்ந்தார். நான் அங்கே வேலைப் பதிவேடு எழுதிவந்தேன். முதல் நாளே என் மேசையை இரண்டடி நகர்த்தச் சொன்னார். காற்று வந்தால் அவருடைய உலை கெடுமாம்.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது பேரிங் வேலை. இஞ்சினின் சுழல்தண்டைக் கனெக்டிங் ராடு கவ்விப் பிடிக்கும் இடத்தில் ஒரு மெல்லிய உலோக உறை இருக்கும். எண்ணெய் எட்டாவிட்டால் அது உருகிவிடும். பிறகு இஞ்சினுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். பழைய வண்டிகளுக்குப் புது உறை கிடைக்காது. உலோகத்தை உருக்கி ஊற்றி, ஆறிய பின் சுரண்டிப் பொருத்த வேண்டும். மேஸ்திரி உருகிய உலோகத்தில் தென்னை ஈர்க்கை விட்டு, அது கருகும் நிறத்தைப் பார்த்தே சூட்டை அறிவார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. முதலாளி சுயம்புலிங்கம்கூட வாசலில் நின்று வெற்றிலை மெல்லுவதோடு சரி.

கோட்டாறு கொப்பரை வியாபாரி முத்துநாயகத்திடம் ஒரு பச்சை நிறச் சீமைப் பந்தயக் கார் இருந்தது. 1935-ஆம் வருட மாடல். இருவர் மட்டுமே உட்காரலாம், கூரையை மடக்கிவிடலாம். சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு தோட்டத்துத் துரையிடம் 1950 மார்ச்சில் வாங்கினார். ஞாயிறு காலைகளில் வட்டக்கோட்டை வரை அவர் ஓட்டிப்போகும் வேகத்தில் சாலையோரத்து ஆடுகள் வயலில் இறங்கிவிடும். ஏறக்குறைய மூன்று வருடம் அந்தக் கார் முனகக்கூட இல்லை.

1953 ஜனவரி 31, சனிக்கிழமை அது முதல் தடவையாகத் தட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தது. பேரிங் உருகியிருந்தது. மேஸ்திரி புதிதாக ஊற்றிக் கொடுத்தார். ஜூன் 6-ஆம் தேதி மறுபடியும் தட்டியது. மறுபடியும் ஊற்றினார். செப்டம்பர் 5-ஆம் தேதி மூன்றாவது தடவையாக வந்தபோது முத்துநாயகம் காரிலிருந்து இறங்கவே இல்லை.

“ஓய் மேஸ்திரி, நீரு ஊத்துனது பேரிங்கா, வெண்ணெயா?”

“மொதலாளி ஓட்டுகது காரா, ஏரோப்ளேனா?”

இன்னொரு தடவை பேரிங் போனால் இஞ்சினைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிடுவேன் என்று முத்துநாயகம் சொன்னார். சுயம்புலிங்கம் அவரைச் சமாதானப்படுத்த வேறு வழியில்லாமல், அப்படிப் போனால் இனிமேல் பேரிங் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். மேஸ்திரிக்கு மிஞ்சுவது லாரி வில்பட்டைகளுக்குக் கிரீஸ் வைக்கும் வேலைதான். அவர் இரண்டு நாள் உலையைப் பற்றவைக்கவில்லை.

மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்து, அந்தக் கார் கடைசியாக எங்கே போய்விட்டு வந்தது என்று கேட்டார். எங்கள் பதிவேட்டில் ‘கடைசி ஓட்டம்’ என்று ஒரு பத்தி உண்டு. வாசித்தேன். ஜனவரி: முத்துநாயகத்தின் தம்பி கல்யாணம், மாப்பிள்ளை அழைப்பு. ஜூன்: சித்தப்பா மகன், மாப்பிள்ளை அழைப்பு. செப்டம்பர்: மச்சினன், அதே மாப்பிள்ளை அழைப்பு.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு நேரே கோட்டாற்றில் முத்துநாயகத்தின் கடைக்கு நடந்தார். நானும் பதிவேட்டோடு போனேன். வேகம் காரைக் கெடுக்கவில்லை, ஊர்வலம்தான் கெடுத்தது என்று அவர் விளக்கினார். நாதஸ்வரக்காரர் பின்னால் இரண்டு மணி நேரம் நடைவேகத்தில் ஊர்ந்தால் இஞ்சின் கொதிக்கும், எண்ணெய் தண்ணீராய் இளகும், மெதுவாகச் சுற்றும் எண்ணெய்ப் பம்பு அதைத் தள்ளாது. எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர் முள் கீழே படுத்துவிடும். காரில் கட்டிய பூமாலை மறைத்ததில் அதை ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

முத்துநாயகம் பதிவேட்டை இரண்டு தடவை பார்த்தார். வரும் தையில் அக்காள் செல்லக்கனியின் மகனுக்கு இராஜாக்கமங்கலத்தில் கல்யாணம். கார் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இல்லை என்றால் அக்காள் வாசல்படி மிதிக்கமாட்டாள் என்றார்.

“குடுங்க. ஊர் எல்லையில இஞ்சின நிறுத்திட்டு ஆளு வச்சுத் தள்ளுவோம்.”

“மாப்பிள்ளைய வச்சுத் தள்ளிட்டுப் போனா ஊரு சிரிக்காதா வேய்?”

“சுசீந்திரம் தேரும் எங்க கோட்டாத்துச் சவேரியார் தேரும் இஞ்சின் வச்சா மொதலாளி ஓடுகு? எவனாம் சிரிச்சானா?”

அப்படியானால் ஸ்டியரிங்கில் நீரே உட்கார வேண்டும் என்றார் முத்துநாயகம். மறுநாள் மேஸ்திரி மூன்றாவது முறையாகப் பேரிங் ஊற்றிக் கொடுத்தார்.

1954 பிப்ரவரி 4, வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு இராஜாக்கமங்கலம் ஊர் எல்லையில் மேஸ்திரி இஞ்சினை நிறுத்தினார். கடன் வாங்கிய வெள்ளைச் சட்டை அவருக்கு முழங்கால் வரை தொங்கியது. முதலில் தள்ள ஆறு பேர்தான் வந்தார்கள். பிள்ளையார் கோயில் முக்கு தாண்டியதும் பதினான்கு பேர். தாய்மாமன் வழிக்காரர்களும் சித்தப்பா வழிக்காரர்களும் தள்ளும் உரிமை யாருக்கு என்று சண்டை பிடித்தார்கள். இஞ்சின் இரைச்சல் இல்லாததால் நாதஸ்வரம் தெருக்கோடி வரை கேட்டது. பின்கழுத்தில் இஞ்சின் சூடு அடிக்காத சுகத்தில் தவில்காரர் ஒவ்வொரு முக்கிலும் கால்மணி நேரம் நின்று வாசித்தார். பன்னீர் தெளித்த பெண்கள் மாப்பிள்ளைக்குத் தெளித்த அளவு மேஸ்திரிக்கும் தெளித்தார்கள். ஊர்வலம் இரண்டு மணி இருபது நிமிடம். யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை கார் பட்டறைக்கு வந்தது. சத்தமில்லாமல் வந்தது. ஆனாலும் மேஸ்திரி எண்ணெயை வடித்து அடிச்சட்டியைக் கழற்றினார். பேரிங்கை விளக்கருகே பிடித்துக் காட்டினார். அவர் சுரண்டிய கோடுகள் அப்படியே இருந்தன. முத்துநாயகம் குனிந்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்தார்.

“செரி வேய். நம்ம கொப்பரை லாரி ரெண்டும் கெடக்கு. அதுக்கும் நீரே ஊத்தும்.”

மேஸ்திரி உலையைப் பற்றவைத்துவிட்டு, காற்று வருகிறது, தள்ளி நில்லுங்கள் என்று கையைக் காட்டினார். கொப்பரை வியாபாரி தள்ளி நின்றார்.