கழற்றாத கைப்பிடி

சவப்பெட்டிக் கடையின் பின்வீட்டில் இருந்தவளைத் தெருவே பித்தளைக்காரம்மா என்றுதான் கூப்பிடும். கடையில் அவள் புருஷன்தான் தச்சர். பெட்டி செய்வது அவர் வேலை, அதன் பித்தளைக் கைப்பிடிகளைத் துலக்குவது அவள் வேலை. கைப்பிடிகளும் பெட்டியோடு குழிக்குள் போகும் என்று நா கூசாமல் சொல்லித்தான் முதலாளி காசு வாங்குவார். அழுகிறவர்கள் நகர்ந்ததும், மண் தள்ளுமுன் தச்சர் கமுக்கமாக அவற்றைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். செத்தவன் எழுந்து வந்தா கேட்கப் போகிறான்?

கறுத்து வரும் கைப்பிடிகளை அவள் வினிகரில் ஊறப்போடுவாள். பிறகு எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்ப்பாள். திருகாணிப் பள்ளங்களுக்குப் பற்பசையும் பழைய பிரஷ்ஷும். உடனே கழுவித் துடைக்காவிட்டால் திட்டுத்திட்டாக மறுபடி கறுத்துத் தொலையும். விரல் வெடிப்பில் புளிப்பு இறங்கினால் உயிர் போகும்.

“உசுரோட இருக்கிறவனுக்கு ஒரு வாய் ஜூஸ் கிடையாது, செத்தவனுக்குப் பழம் பழமா பிழியறா” என்று தச்சர் சீண்டுவார்.

அந்தத் தச்சர் ஒருநாள் மார்வலியில் பட்டறையிலேயே சாய்ந்தார். அவள் முதலாளியிடம் போய் நின்றாள்.

“அவர் பெட்டியில மட்டும் கைப்பிடியைக் கழட்டாதீங்க முதலாளி. எத்தனை பேருக்கு மாட்டிவிட்ட மனுஷன். அது அவரோடயே போகட்டும்.”

“என்னம்மா நீ, அவன் நம்ம வீட்டு ஆளு. சத்தியமா கழட்ட மாட்டேன்.” முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேறெதையும் அவள் கேட்கவில்லை. இருந்ததிலேயே கனமான நான்கைப் பொறுக்கி, முகம் தெரிகிற வரை தேய்த்து, தன் கையாலேயே கொடுத்தாள்.

இடுகாட்டில் பெட்டியை இறக்குமுன் குனிந்து ஒரு கைப்பிடியைப் பற்றினாள். பித்தளை என்றால் தொட்டதும் சில்லென்று இருக்கும். இதில் அந்தச் சில்லிப்பே இல்லை. நகத்தால் சுரண்டினாள். தங்கச் சாயம் உரிந்து வெள்ளை பிளாஸ்டிக் பல்லிளித்தது. துக்கம் தாங்காமல் பெட்டியைப் பிராண்டுகிறாள் என்று நினைத்த பெண்கள் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பியதும் நேரே கடைக்குப் போனாள். வாசலில் வைத்திருந்த புதுப் பெட்டியில் அவள் துலக்கிய நான்கும் மின்னிக்கொண்டிருந்தன.

“சத்தியம் பண்ணீங்களே முதலாளி.”

“நீ கழட்டாதேன்னு கேட்டே. நான் கழட்டினேனா? மாட்டினது மாட்டினபடியே உள்ள போயிடுச்சு. சொன்ன சொல்லு தவறலம்மா நான்.”

ஊரை ஏய்க்கத் தானும் துலக்கிக் கொடுத்தவள், எந்த முகத்தோடு நியாயம் கேட்பாள்? முதலாளி ஒரு சாக்குப்பையை அவள் பக்கம் தள்ளினார்.

“நாளைக்குள்ள துலக்கிக் குடுத்துடு. தச்சனும் இல்ல. பின்வீட்டுல நீ இருக்கணும்னா இந்த வேலையாவது நடக்கணும்ல?”

பையை வாங்கிக்கொண்டாள்.