மங்களம் கொள்ளாத கேசட்

நேற்றுக் காலை மேல்வீட்டிலிருந்து பால் தீயும் வாசனை வந்தது. கொட்டிவாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் பதினெட்டுப் படி ஏறினால் திவ்யாவின் வீடு. கதவு திறந்திருந்தது. அவள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் பாடிக்கொண்டிருந்தாள். பால் பாதி பாத்திரத்தில், பாதி அடுப்பில். நானே போய் அணைத்தேன். அவள் பாட்டுக் கற்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் லேப்டாப்பிலேயே தம்புரா, மிருதங்கம் எல்லாம் சேர்த்துப் பாட்டு வெளியிடுகிறாள்.

"மேல எட்டல மாமா. நாலரைக் கட்டை சுருதில பாடிட்டு அஞ்சரைக்கு ஏத்திடுவேன், பாருங்க" என்று திரையில் எதையோ இழுத்தாள். குரல் ஏறியது. "வேண்டாம்மா" என்றேன். கிழவனுக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று நினைத்திருப்பாள். அதுவும் உண்மைதான்.

என் தங்கை ஜயாவுக்கும் நாலரைதான். தொண்ணூறுகளில், மயிலாப்பூரில் நாங்கள் சேர்ந்திருந்த வீட்டில், வாரத்தில் மூன்று நாளாவது இந்த வாசனை வரும். பாட ஆரம்பித்தால் அவளுக்குப் பால் ஞாபகம் இருக்காது. ஸ்டுடியோவுக்கு வாடகை கொடுக்கிற நிலையில் நாங்கள் இல்லை. அப்போதுதான் அவள் கணவர் சேஷு, சிங்கப்பூர் நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு பழைய ரெக்கார்டரை வாங்கி வந்தார். குரல், வயலின், தம்புரா எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்க்கலாம். சேஷு நந்தனத்தில் குமாஸ்தா. சுருதி, தாளம் ஒன்றும் தெரியாது. கையேட்டின் முதல் நான்கு பக்கங்களோடு நிபுணராகிவிட்டார்.

ஜன்னலுக்கு மெத்தை, மின்விசிறிக்கு ஓய்வு. வாசலில் நின்று சத்தங்களைத் தடுப்பது என் வேலை.

"இன்னா சார், உள்ள கொழந்த தூங்குதா?" என்றாள் பூக்காரி.

"பாட்டுப் பதியறோம்மா. கொஞ்சம் கூவாம போயேன்."

"நல்லாத்தான் கீது. நான் வேணா கூடப் பாடட்டா?"

தி. நகரில் ஒரு சபா, புதிதாகப் பாடுகிறவர்களிடம் கேசட் கேட்டிருந்தது. ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஜயா பாடியதோ என் கைக்கடிகாரப்படி முப்பத்து மூன்று. கேசட்டில் பிரதி எடுத்தபோது, கடைசியில் பாடும் மங்களத்துக்கு முன்பே டேப் தீர்ந்தது. சுருக்கி மறுபடி பாடலாமென்றால் வயலின்காரரும் ஊருக்குப் போய்விட்டார்.

"மங்களம் இல்லாம குடுக்கப்படாது" என்றாள் ஜயா.

"இந்தத் திருகைத் திருப்பினா வேகமா ஓடும். மங்களம் உள்ள வந்துடும்" என்றார் சேஷு. மறுபடி பிரதி எடுக்கும்போது திருப்பினார். வந்துவிட்டது. நான் கடிகாரத்தைக் காட்டிக் கை தட்டினேன்.

ஜயா மட்டும், "சின்னப் பொண்ணு பாடறாப்பல இருக்கே" என்றாள்.

"மைக்ல அப்படித்தான் கேக்கும்" என்றார் சேஷு. அதுவரை தன் குரலைப் பதிவில் கேட்டறியாதவள், நம்பிவிட்டாள்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் மேடை கிடைத்தது. திரைக்குப் பின்னால் ஜயா சுருதிப் பெட்டியை நாலரையில் வைத்ததும், சபா அனுப்பியிருந்த மிருதங்கக்காரர் திடுக்கிட்டார்.

"நாலரையா? செக்ரட்டரி கேசட்டைக் கேட்டுட்டு அஞ்சரைன்னார். அதுக்கான மிருதங்கம்தான் கொண்டு வந்திருக்கேன். இதை அவ்வளவு இறக்க முடியாதும்மா."

ஜயா சேஷுவைப் பார்த்தாள். அவர் திருகைத் திருப்பிய தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். வேகம் கூடினால் சுருதியும் ஏறும் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வேறு மிருதங்கம் தேட நேரமில்லை.

"அஞ்சரைலயே பாடிடறேன்" என்றாள் ஜயா.

நான்கு பாட்டுவரை தாங்கியது. ஐந்தாவதில் மேல் ஸட்ஜத்தைத் தொடும்போது குரல் கிழிந்தது. மறுபடி முயன்றாள், காற்றுதான் வந்தது. வயலின் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய் நின்றது. கூடத்தில் நாற்பத்தொரு பேர். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மங்களம் இல்லாமலே திரை விழுந்தது.

தொண்டை ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஜயா அப்புறம் மேடையில் மட்டுமல்ல, சமையலறையிலும் பாடவில்லை. அந்த ரெக்கார்டரை யாரோ வாங்கிப் போனார்கள்.

சபா திருப்பித் தந்த கேசட் என்னிடம்தான் இருந்தது. நேற்று மாலை அதையும் என் பழைய டேப் பிளேயரையும் திவ்யாவிடம் கொடுத்தேன். லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு, ஒரு நிமிடத்தில் நாலரைக்கு இறக்கிவிட்டாள். "இப்ப நிதானமா வருது, கேளுங்க மாமா." வந்தது என் தங்கையின் குரல்தான். மங்களம் வந்ததும் ஜயாவுக்குப் போன் போட்டு, அதை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன்.

முடிந்ததும் போனைக் காதில் வைத்தேன்.

"அண்ணா, அடுப்புல பால் வெச்சிருக்கேன். அப்பறம் பேசறேன்." வைத்துவிட்டாள்.

இப்போதெல்லாம் பால் காயும்வரை அதன் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் வீட்டில் பால் பொங்கி வழிந்து எத்தனை வருடமாயிற்று என்று எண்ண ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.