வீட்டை விட்டுப் போனவள்

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டுகிறவள் அவள். தெருவில் எல்லோருக்கும் வேன்காரம்மா. ஞாயிறு மதியம் நூலக மாடியில் கூடும் திரைப்பட மன்றத்தில், பேய்ப் படம் என்றால் முதல் வரிசை நாற்காலி அவளுடையதுதான்.

அந்த மாதம் ஒரு ஜப்பானியப் பேய்ப் படத்தையும், அதையே அமெரிக்காவில் மறுபடி எடுத்த படத்தையும் அடுத்தடுத்த வாரம் போட்டார்கள். கதை ஒன்றுதான். வாடகை வீட்டுச் சமையலறையில், முன்பு அங்கே குடியிருந்து செத்துப்போன ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஜப்பானியப் படத்தில், தன் மகளைத் தொடாமல் இருந்தால் போதும் என்று, அங்கே புதிதாகக் குடிவந்தவள் பேய்க்கும் ஒரு தட்டு வைத்து அங்கேயே காலம் தள்ளுகிறாள். அமெரிக்கப் படத்தில் மகளைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விடுகிறாள்.

மன்றத் தலைவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். "முதல் படத்துல அந்தப் பொண்ணோட பொறுமைதான் அழகு. இவங்க காரைக் கொண்டுவந்து எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க" என்றார். பல தலைகள் ஆடின.

வேன்காரம்மா எழுந்தாள். "எனக்கு ரெண்டாவதுதான் சார் பிடிச்சது."

மனைவியோடு வந்திருந்த மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "வண்டி வந்தா உங்களுக்குப் பிடிக்காம போகுமா?"

"சிரிங்க, பரவாயில்ல. பயம்னு பாத்தா முதல் படம்தான். சமையல்கட்டுக்குள்ள போகவே எனக்கு உதறல். ஆனா அந்தப் பொறுமையை அழகுன்னு சொல்லாதீங்க. கை ஓங்குற மனுஷனுக்கு, பிள்ளையத் தொடாம இருந்தா சரின்னு, வாயை மூடிக்கிட்டு சோறு போட்டவ நான். அப்பவும் ஊரே என்னைப் பொறுமைசாலின்னுச்சு."

"இது சினிமாம்மா, வாழ்க்கை இல்ல" என்றார் தலைவர்.

"தெரியும் சார். ஒருநாள் அவர் பிள்ளையையும் அடிச்சார். அன்னைக்கே அவளைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன். கார் இல்ல, நடந்தேன். அண்ணன் வீட்டு வாசல்ல நிக்கிறேன், 'இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே'ங்கறாங்க அண்ணி. அதுக்கப்புறம்தான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன்."

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "உங்க கஷ்டம் புரியுது. ஆனா கலைன்னு பாத்தா முதல் படம்தான்."

"நீங்க அப்படியே வெச்சுக்குங்க. அவ கிளம்பிப் போனது எனக்குப் பிடிச்சிருக்கு. அதை மாத்திக்க மாட்டேன்."

ஆண்டு விழாவில் எந்தப் படத்தை மறுபடி போடலாம் என்று கை தூக்கச் சொன்னார்கள். ஜப்பானியப் படத்துக்கு ஏறக்குறைய அறையே கை தூக்கியது. அமெரிக்கப் படத்துக்கு வேன்காரம்மா மட்டும், கையை நன்றாக உயர்த்தி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மருந்துக்கடைக்காரரின் மனைவியும் கையைத் தூக்கினாள்.

"இறக்கு கையை" என்றார் கணவர் பல்லைக் கடித்தபடி.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையையும் இறக்கவில்லை.